வீட்டில் 120, வார்டில் 180: மருத்துவமனைக்குள் சர்க்கரைக் கணக்கு மாறுவது ஏன்?

சென்னையில் எந்தப் பெரிய மருத்துவமனையின் வார்டு வராந்தாவில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "வீட்ல நூத்திமுப்பது தாண்டினாலே டாக்டர் சத்தம் போடுவார். இங்க நூத்தி எழுபத்தஞ்சு இருக்கு, கேட்டா பரவாயில்லைங்கிறாங்க." அடுத்த கட்டிலில் வேறொரு குறை: பத்து வருஷமாகச் சாப்பிட்ட மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்திவிட்டு ஊசி போடுகிறார்கள். மூட்டு மாற்று அறுவைக்குப் பெட்டி படுக்கையோடு வந்தவரையோ, மூன்று மாத சர்க்கரை அளவு 9.4 என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றும் உறவினர்களுக்கு அலட்சியமாகத் தெரியும். மூன்றுக்கும் சரியான காரணம் உண்டு. உண்மையான தவறுகள் பெரும்பாலும் வேறு இடத்தில் நடக்கின்றன: ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில், ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்த ஷிஃப்டுக்கும் நடுவில், டிஸ்சார்ஜுக்கும் வீட்டுக்கும் நடுவில்.

எத்தனை பேருக்கு இந்தக் கவலை?

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' (INDIAB) நீரிழிவு ஆய்வின்படி, நாட்டில் 20 வயது கடந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இந்த ஆய்வை ஒருங்கிணைத்ததே சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளைதான். ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியதிலிருந்து, இந்த நோயோடு இந்த ஊருக்கு நெடுநாள் பழக்கம்.

ஆனால் மருத்துவமனையில் படுத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோர் சர்க்கரைக்காகச் சேர்ந்தவர்கள் இல்லை. நெஞ்சுவலி, நிமோனியா, இடுப்பு எலும்பு முறிவு, சிறுநீரகக் கோளாறு என்று வந்தவர்கள். கேஸ் ஷீட்டில் சர்க்கரை இரண்டாவது வரியாகவோ மூன்றாவது வரியாகவோதான் இருக்கும். இதய மருத்துவர் இதயத்தைப் பார்ப்பார், எலும்பு மருத்துவர் எலும்பை. அந்த மூன்றாவது வரிக்கு யார் பொறுப்பு என்பது பல இடங்களில் எழுதப்படாமலே இருக்கிறது.

சாப்பிடாமல் இருந்தும் சர்க்கரை ஏறுவது

"ரெண்டு நாளா வாயில ஒண்ணும் வைக்கல, எப்படி 280 வரும்?" என்று கேட்பார்கள். கடும் காய்ச்சல், அடிபட்ட காயம், மாரடைப்பு, அறுவை எதுவானாலும் உடல் ஆபத்துக்காலச் சுரப்புகளைக் கொட்டுகிறது. கார்டிசோல், அட்ரினலின், குளுக்ககான் போன்றவை அவை. கல்லீரலை முடுக்கிச் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கச் சொல்வதும், இன்சுலினின் பிடியைத் தளர்த்துவதும் இவற்றின் வேலை. இலையில் சோறு இல்லாவிட்டாலும் உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

ஸ்டீராய்டு ஊசி சேர்ந்தால் இன்னும் ஏறும். காலையில் போடும் ஸ்டீராய்டு, சர்க்கரையைப் பிற்பகலிலும் மாலையிலும்தான் உச்சத்துக்குக் கொண்டுபோகும். விடிகாலை வெறும்வயிற்று அளவை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். கொரோனா இரண்டாம் அலையில் ஸ்டீராய்டும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்து கருப்புப் பூஞ்சைக்குக் கதவு திறந்துவிட்டதை மறந்திருக்க மாட்டோம். 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் இப்படி ஏறலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை. ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்துக் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது சொல்லும். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், நோய் முன்பே இருந்திருக்கிறது. குறைவாக இருந்தால், இப்போதைய உடல்நிலையால் வந்த தற்காலிக ஏற்றமாக இருக்கலாம். ரத்தம் ஏற்றியவர்கள், கடும் ரத்தசோகை உள்ளவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள் ஆகியோருக்கு மட்டும் இந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

180 என்ற எண் எங்கிருந்து வந்தது?

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மருத்துவம் தன் கருத்தைத் தானே மாற்றிக்கொண்ட கதை.

2001-இல் பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள், அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 1,548 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பாதிப் பேருக்கு இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றிச் சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தார்கள். (இந்த எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.) தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. உலகமே அதைப் பின்பற்றத் தொடங்கியது.

பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா உள்ளிட்ட நாடுகளில் 6,104 நோயாளிகளைச் சேர்த்து இன்னும் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. நைஸ்-சுகர் என்று பெயர். 2009-இல் முடிவு வந்தபோது பலருக்கும் அதிர்ச்சி. சர்க்கரையை 81-க்கும் 108-க்கும் இடையில் இறுக்கிப் பிடித்தவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 27.5 சதவீதம். 180-க்குள் இருந்தால் போதும் என்று விட்டவர்களில் 24.9 சதவீதம். மிகக் கடுமையான தாழ்சர்க்கரை முதல் குழுவில் 6.8 சதவீதம் பேருக்கு வந்தது. இரண்டாம் குழுவில் வெறும் 0.5.

அன்றிலிருந்துதான், மருத்துவமனையில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு 140 முதல் 180 வரை என்ற இலக்கு நிலைபெற்றது. அளவு 180-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் இன்சுலின் தொடங்குவார்கள். இந்த எண்ணுக்கு உடலிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஏறக்குறைய 180-ஐத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் சர்க்கரையைச் சிறுநீரில் விடத் தொடங்கும். கூடவே தண்ணீரும் போகும், உடல் வறளும். அதற்கும் மேலே போகப்போக வெள்ளையணுக்கள் கிருமியோடு போராடும் திறன் குறையும், தையல் போட்ட புண் ஆறத் தாமதமாகும்.

சிஸ்டர் 175-ஐப் பார்த்துப் பரவாயில்லை என்றால், அவர் சொல்வது சரி. மூன்று நாளாக 280, 310, 265 என்று ஓடும் அட்டையைப் பார்த்தும் அதையே சொன்னால் சரியில்லை. என்னைக் கேட்டால், நம் ஊரில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம் கேள்வி கேட்கப்படாமல் போகிறது.

தாழ்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை, 54-க்குக் கீழே என்றால் உடனடி ஆபத்து. வீட்டில் என்றால் வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், நோயாளியே சொல்லிவிடுவார். வார்டில் மயக்க மருந்தின் அரைத் தூக்கத்தில் இருப்பவரோ, படபடப்பை அடக்கும் இதய மாத்திரை சாப்பிடுபவரோ அறிகுறியைக் காட்டாமலே இறங்கிவிடக்கூடும். "அப்பா நல்லா தூங்கிட்டிருக்கார்" என்று பிள்ளைகள் நிம்மதியாக இருப்பார்கள். இயந்திரம் 48 காட்டும்.

பழைய மாத்திரைகளை நிறுத்துவது ஏன்?

1. மெட்ஃபார்மின்: சிறுநீரகம் தளர்ந்தாலோ ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தாலோ இந்த மருந்து உடலில் தேங்கி லாக்டிக் அமிலம் ஏற வழியுண்டு. சிறுநீரகம் ஏற்கனவே பழுதானவருக்கு சிடி ஸ்கேனிலும் ஆஞ்சியோவிலும் சாய மருந்து ஏற்றும்போது நிறுத்திவைப்பதும் இதனால்தான்.

2. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை: நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று இந்த மாத்திரைக்குத் தெரியாது. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் மந்தமான முதியவருக்கு இதனால் வரும் தாழ்சர்க்கரை ஒரு நாளுக்கு மேலும் திரும்பத் திரும்ப வரலாம். ஒருமுறை குளுக்கோஸ் ஏற்றிச் சரியானதும் வீட்டுக்குக் கூட்டிப்போகத் துடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

3. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்: சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புது வகை. இந்தியாவில் முதலாவதன் காப்புரிமை 2020-இலும் இரண்டாவதன் காப்புரிமை 2025-இலும் முடிந்தது. விலை குறைந்து இப்போது எங்கும் எழுதப்படுகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்துதான். ஆனால் பட்டினி, அறுவை, கடும் நோய் ஆகிய நேரங்களில் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. அப்போது சர்க்கரை அளவு 200-க்குள்ளேயே இருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள கண்ணி. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று நோயாளி தவிப்பார், சர்க்கரை நார்மல் என்று எல்லோரும் வேறு காரணம் தேடுவார்கள். திட்டமிட்ட அறுவை என்றால் மூன்று நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும். மாத்திரைப் பெயர் தெரியாதென்றால் அட்டையையே கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

இன்சுலின் இதற்கெல்லாம் மாற்று. ஏற்றலாம், இறக்கலாம், சில மணி நேரத்தில் விளைவு தெரியும். "ஒரு தடவை ஊசி போட்டா கடைசி வரைக்கும் ஊசிதான்" என்ற பயம் சென்னையில் இன்னும் ஓயவில்லை. மருத்துவமனையில் போட்ட ஊசியை நோய் தணிந்தபின் நிறுத்திவிட்டு மாத்திரைக்குத் திரும்புபவர்கள் ஏராளம்.

ஊசிக்கும் இட்லிக்கும் நடுவில்

ஒரு சாதாரணக் காலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். ஆறு மணிக்கு விரலில் குத்திப் பார்க்கிறார்கள், 212. வார்டு மொழியில் இதற்குப் பெயர் சிபிஜி. ஏழரைக்கு, ஷிஃப்ட் மாறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டிய சிஸ்டர் 10 யூனிட் வேகமாக வேலை செய்யும் இன்சுலினைப் போட்டுவிடுகிறார். ஏழே முக்காலுக்கு ஸ்கேன் அறையிலிருந்து அழைப்பு. சக்கர நாற்காலி வருகிறது. எட்டரைக்கு வந்த இட்லி தட்டில் மூடியபடி ஆறிக்கொண்டிருக்க, நோயாளி கீழ்த்தளத்தில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்பதரைக்கு அவருக்கு வியர்க்கிறது. அளவு 52.

பதறிப்போய் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். மகள் ஓடிப்போய் கேண்டீனில் மாம்பழ ஜூஸ் வாங்கி வருகிறாள், அதையும் முழுக்கக் குடிக்கிறார். பிறகு இட்லியும் உள்ளே போகிறது. மதியம் 320. அதற்கு ஒரு பெரிய ஊசி. இந்தக் காலையில் யாரும் தனியாகத் தவறு செய்யவில்லை. ஊசி போடுபவரும் ஸ்கேனுக்கு அழைப்பவரும் சாப்பாடு கொண்டுவருபவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

இந்த ஏற்ற இறக்கத்தை வளர்ப்பது ஸ்லைடிங் ஸ்கேல் என்ற பழைய முறை. அளவு இவ்வளவு இருந்தால் இத்தனை யூனிட் என்று ஒரு பட்டியல். சர்க்கரை ஏறியபின் துரத்துமே தவிர, ஏறாமல் தடுக்காது. மாற்று முறையில் நாள் முழுதும் மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலின் ஒன்றும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் சிறிய ஊசியும் இருக்கும். அமெரிக்காவில் நடந்த ராபிட்-2 என்ற ஆய்வு (2007) இரண்டையும் ஒப்பிட்டது. மாற்று முறையில் 66 சதவீதம் பேர் 140-க்குள் வந்தார்கள், ஸ்லைடிங் ஸ்கேலில் 38 சதவீதம். 2011-இல் அறுவை நோயாளிகளிடம் மீண்டும் பார்த்தபோது, புண் தொற்று, நிமோனியா, சிறுநீரகச் செயலிழப்பு போன்ற சிக்கல்கள் ஸ்லைடிங் ஸ்கேலில் 24.3 சதவீதம், மாற்று முறையில் 8.6. இத்தனைக்குப் பிறகும் ஸ்லைடிங் ஸ்கேல் மட்டும் எழுதப்படுவது, அது எழுத சுலபம் என்பதால்தான்.

உறவினர்கள் செய்யக்கூடியது சின்ன வேலை. ஊசி போடும்போது "சாப்பாடு வந்துடுச்சா?" என்று ஒரு கேள்வி. ஸ்கேனுக்குக் கூப்பிட்டால் "இப்பதான் ஊசி போட்டாங்க" என்று ஒரு தகவல். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் பன், ஹார்லிக்ஸ், இளநீர் எல்லாம் கணக்கில் சேரும் என்பதையும் சொல்லிவைக்கலாம். கஞ்சி லேசான உணவு என்ற நம்பிக்கை வேறு இருக்கிறது. குழைந்த அரிசிக் கஞ்சி, இட்லியைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றக்கூடியது.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனா ஊசி தீர்ந்துவிட்டதென்று, கார்ட்ரிட்ஜில் இருப்பதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சி 10 என்ற கோடு வரை எடுத்தால், உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. தலைகீழாக மாற்றினால், போட வேண்டியதில் பாதிகூடப் போகாது. பேனாவிலிருந்து குப்பிக்கோ, குப்பியிலிருந்து பேனாவுக்கோ மாற்றி டிஸ்சார்ஜ் செய்யும்போது இந்தக் குழப்பம் வீட்டில் போய் வெடிக்கும்.

அறுவை எப்போது காத்திருக்கலாம்?

மூட்டு மாற்று, குடலிறக்கம், கண்புரை போல நாள் குறித்துச் செய்யும் அறுவைகளுக்கு ஹெச்பிஏ1சி 8-க்குள் இருப்பது நல்லது என்பது பரவலான வழிகாட்டுதல். மூட்டில் வைக்கும் உலோகத்தில் கிருமி பற்றினால் அதைக் கழற்றி எடுக்க வேண்டிவரும். 9.4-க்குத் திருப்பி அனுப்பிய மருத்துவர் நோயாளியைக் காப்பாற்றியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சீழ் பிடித்த கால் என்றால் கதை முற்றிலும் வேறு. "முதல்ல சுகர் குறையட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று வீட்டார் நாள் கடத்துவது இங்கேதான். சீழ் உள்ளே இருக்கும்வரை சர்க்கரை குறையாது. சீழை வெளியேற்றினால்தான் இறங்கத் தொடங்கும். அதுவரை இன்சுலினை ரத்தக்குழாய் வழியே ஏற்றிக்கொண்டு அறுவையைச் செய்துவிடுவார்கள். ஒரு விரலோடு முடிந்திருக்க வேண்டியது, தயங்கிய நாட்களில் கணுக்காலைத் தாண்டிவிடும்.

நாள்பட்ட சர்க்கரையால் கால் உணர்வு இழந்திருப்பதை நோயாளியே அறியமாட்டார். மே மாத வெயிலில் கபாலீஸ்வரர் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் கொப்புளத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். நெஞ்சுவலிக்காகச் சேர்ந்தவரின் குதிகாலையும் யாராவது போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டும். படுத்தே இருப்பதால் அங்கே புண் வரத் தொடங்கியிருக்கலாம்.

விளைவுகளை அளப்பது எப்படி?

சர்க்கரை உள்ளவர்கள் அதே நோய்க்குச் சேரும் மற்றவர்களைவிடக் கூடுதல் நாள் தங்குகிறார்கள், கூடுதலாகத் தொற்றுக்கு ஆளாகிறார்கள், வீடு போனபின் மீண்டும் சேர்வதும் அதிகம். 30 நாளுக்குள் மறுபடி சேர்வதை உலகெங்கும் ஒரு தர அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் 130 மருத்துவமனைகளில் 1999 முதல் 2008 வரை சேர்ந்த சுமார் 70,000 நீரிழிவு நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2014-இல் வந்தது. அவர்களில் ஹெச்பிஏ1சி பார்க்கப்பட்டது 18.4 சதவீதம் சேர்க்கைகளில் மட்டுமே. அந்தச் சோதனைக்கும் மறுசேர்க்கைக்கும் உள்ள தொடர்பு, நோயாளி எந்த நோய்க்காகச் சேர்ந்தார் என்பதைப் பொறுத்து மாறியது. சர்க்கரையைக் கவனித்துப் பார்த்ததே நல்ல விளைவுக்கு உதவலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சோதனைக் குழாய் யாரையும் குணமாக்காது. சோதனையை எழுதிக்கொடுத்தவர் கேஸ் ஷீட்டின் அந்த மூன்றாவது வரியை வாசித்திருக்கிறார் என்பதற்கு அது அடையாளம்.

மருத்துவமனைகளை வெறும் சதவீதத்தால் ஒப்பிடுவதில் சிக்கல் இருக்கிறது. ஜிஹெச் என்று ஊரே அழைக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாவட்டங்களிலிருந்தும் தனியார் மருத்துவமனைகளிலிருந்தும் முற்றிய நிலையில் அனுப்பப்படுபவர்கள் வருகிறார்கள். அங்கே இறப்பு விகிதம் கூடுதலாகத் தெரிந்தால் சிகிச்சை மோசம் என்று பொருள் கொள்ள முடியாது. பணம் தீர்ந்து தனியாரிலிருந்து வெளியேறுபவர், அங்கே டிஸ்சார்ஜ் கணக்கில் எழுதப்படுவார். பத்து நாளில் வேறொரு மருத்துவமனையில் அவர் சேர்ந்தால், முதல் மருத்துவமனையின் மறுசேர்க்கைக் கணக்கில் அது ஏறாது. வயது, சிறுநீரக நிலை, சேரும்போதிருந்த தீவிரம் ஆகியவற்றைச் சமன்செய்யாத எந்தப் பட்டியலும் விளம்பரத்துக்குத்தான் உதவும்.

டிஸ்சார்ஜ் சீட்டு

அதிகம் தடுமாறுவது இந்தக் கட்டத்தில்தான். வார்டில் கடைசியாகப் போட்டுக்கொண்டிருந்த இன்சுலின் அளவு, நோயுற்ற உடலுக்கான அளவு. நிமோனியா ஆறி, ஸ்டீராய்டு குறைந்து, பசி திரும்பும்போது தேவை இறங்கிக்கொண்டே வரும். அதே 24 யூனிட்டை விடாமல் போட்டுக்கொண்டிருப்பவருக்கு மூன்றாவது வாரம் விடிகாலையில் தாழ்சர்க்கரை வரும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் மறுபடி காட்டச் சொல்வதன் காரணம் இது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், முதல் இரண்டு வாரம் வெறும்வயிற்று அளவைத் தினமும் குறித்துவைத்துக்கொண்டு போகலாம்.

தவிர, வீட்டில் ஒரு பழைய மாத்திரை டப்பா காத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல திட்டம். ஆனால் மருத்துவமனையில் மருந்து மாறியிருப்பதை நீங்கள் சொன்னால்தான் கொண்டுவருபவருக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் சீட்டை அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பழைய பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

டப்பாவில் இருப்பது ஒரு கம்பெனியின் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரை. சீட்டில் புதிதாக எழுதியிருப்பது வேறொரு கம்பெனியின் அதே கூட்டு. ஒன்று மஞ்சள், மற்றது வெள்ளை. பெயர் வேறு, நிறம் வேறு, அதனால் மருந்தும் வேறு என்று நினைத்து இரண்டையும் சாப்பிட்டவர்கள், ஒரே வாரத்தில் மயங்கிய நிலையில் அவசரப் பிரிவுக்கு வந்ததுண்டு. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் மருந்தின் மூலப்பெயர் அச்சிட்டிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதைப் படிக்க ஒரு நிமிடம் ஆகும்.